வர்ணனைப் பெட்டிக்கு ஒரு பழைய சொல்

தமிழில் கிரிக்கெட் வர்ணிப்பவர்களுக்கும், ஆட்டம் முடிந்த கையோடு செய்தி எழுதி அனுப்பும் விளையாட்டு நிருபர்களுக்கும் வணக்கம்.

எதிரணி ஆட்டக்காரர் ஏதோ ஓர் இக்கட்டில் மாட்டிக்கொள்கிறார். அவரை வெளியேற்ற அதுதான் சரியான நேரம். விதியும் இடம் கொடுக்கிறது. ஆனால் அணித்தலைவர் ‘வேண்டாம், விடுங்கப்பா’ என்று சொல்லிவிடுகிறார். அப்போது நீங்கள் மைக்கில் என்ன சொல்கிறீர்கள் என்று பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். ‘என்ன ஒரு ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்!’ என்பீர்கள். கொஞ்சம் தமிழாக இருக்கட்டும் என்று நினைப்பவர் ‘பெருந்தன்மை’ என்பார். உணர்ச்சிவசப்பட்டவர் ‘கண்ணியமான ஆட்டம்’ என்பார்.

பெருந்தன்மை நல்ல சொல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதை நாம் எதற்குத்தான் போடவில்லை? சீர்வரிசை கேட்காத சம்பந்திக்கும் பெருந்தன்மை, கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்காத நண்பருக்கும் பெருந்தன்மை, தேர்தலில் தோற்றவர் ஜெயித்தவரை வாழ்த்தினாலும் பெருந்தன்மை. மோதிக்கொண்டிருக்கும்போதே எதிராளிக்கு ஒரு தாழ்வு வந்தால் அவருக்குக் கைகொடுப்பது என்பது இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. இந்த ஒரு காரியத்துக்கென்றே தமிழில் தனிச்சொல் இருக்கிறது: ஊராண்மை. அதை நீங்கள் எடுத்துப் புழங்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

சொல் இருக்கும் இடம் திருக்குறள், 773:

பேராண்மை என்ப தறுகண்ஒன் றுற்றக்கால்
ஊராண்மை மற்றதன் எஃகு

பகைவர்மேல் அஞ்சாமல் பாய்வதைப் பேராண்மை என்பார்கள். அந்தப் பகைவருக்கே ஒரு துன்பம் வந்துவிட்டால் அவருக்கு உதவுவது ஊராண்மை, அதுவே அந்தப் பேராண்மையின் கூர்மை. இரண்டு சொல்லும் ஒரே குறளில் எதுகையாகப் பிறந்தவை. ஒன்றுக்கு வாழ்வு வந்தது. பேராண்மை மேடையிலும் முழங்குகிறது, சினிமாத் தலைப்பாகவும் ஆகிவிட்டது. அதன் முனையாக வள்ளுவர் வைத்த ஊராண்மையைக் கேட்டால், ‘ஊராட்சியா?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

குறள் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். அன்புடைமையில் இல்லை, அருளுடைமையில் இல்லை, கண்ணோட்டத்தில்கூட இல்லை. படைச்செருக்கு என்ற அதிகாரத்தில் இருக்கிறது. காட்டு முயலைக் குறிதவறாமல் அடித்த அம்பைவிட யானையைக் குறிவைத்துத் தவறிய வேலை ஏந்துவது இனிது என்ற புகழ்பெற்ற குறள் இதற்கு முந்தையது, 772. அதாவது சண்டை போடத் தெரிந்தவர்களுக்காகச் சண்டைக்காரர்களைப் பற்றி எழுதிய இடம் இது. அங்கே போய் ‘எதிரி விழுந்தால் கைகொடு’ என்று சொல்லி, அதையும் மென்மை என்று சொல்லாமல் ‘எஃகு’ என்கிறார். எஃகு என்றால் இங்கே கூர்மை. பரிமேலழகரும் அப்படித்தான் உரை சொல்கிறார்.

அந்த உரையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. முதல் பாதிக்கு, பகைவர்மேல் ‘கண்ணோடாது’ செய்யும் மறம் என்று எழுதுகிறார். இரண்டாம் பாதிக்கு, அவர்க்கு ஒரு தாழ்வு வந்ததாயின் ‘கண்ணோடி’ உதவுவது என்று எழுதுகிறார். இரக்கம் பார்க்காமல் அடித்தவர்தான் இரக்கம் பார்க்கவும் வேண்டும், அதே களத்தில், அதே ஆள். நடுவில் மாறியது எதிராளியின் நிலைமை மட்டும்தான். உதவி எதற்காக என்றும் சொல்லியிருக்கிறார்: அந்தத் தாழ்வை அவர் தீர்த்துக்கொள்வதற்காக. பகைவரைப் பிள்ளையாக்கிக்கொள்ளவோ, போரை நிறுத்தவோ சொல்லவில்லை. அவர் எழுந்து நிற்கட்டும், அப்புறம் தொடருவோம், அவ்வளவுதான்.

சரி, ஊர் எப்படி இதற்குள் வந்தது? ஆண்மை என்றதும் மீசை நினைவுக்கு வந்தால் சொல் பிடிபடாது. வள்ளுவரிடம் ஆண்மையில் முடியும் சொற்கள் ஒரு பெரிய குடும்பம். தாளாண்மை என்றால் முயற்சி. இல்லாண்மை என்றால் பிறந்த குடியைப் பொறுப்பேற்று நடத்துவது. வேளாண்மை என்ற சொல்லை இன்று விவசாயத்துக்கு எழுதிவைத்துவிட்டோம். விருந்தோம்பல் அதிகாரத்தின் முதல் குறளில் அதற்குப் பொருள் உபகாரம். இந்தக் குடும்பத்தில் ‘ஆள்’ என்ற வேர்தான் வேலை செய்கிறது: கையில் எடுத்து நடத்துவது, பொறுப்பேற்பது. நம் காலத்தில் மேலாண்மை என்று ஒரு சொல் செய்தோமே, அதில் யாரும் ஆணைத் தேடுவதில்லை. பரிமேலழகர் பேராண்மைக்கு ‘மிக்க ஆண்தன்மை’ என்று பொருள் சொன்னாலும், ஊராண்மைக்கு வரும்போது ‘உபகாரியாந்தன்மை’ என்கிறார். அங்கே ஆண் இல்லை. ஊரை ஆள்பவர், தனக்கு ஆகாதவன் வீட்டில் தீப்பிடித்தாலும் தண்ணீர்க் குடத்தோடு ஓடத்தான் வேண்டும். நான் இந்தச் சொல்லை அப்படித்தான் படிக்கிறேன். ஆக, மகளிர் அணி ஆடும்போதும் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

பரிமேலழகர் காட்டும் உதாரணம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். இலங்கையர் வேந்தன் தன் படை முழுதும் மடிந்து தனியாக அகப்பட்டான். அயோத்தியர் இறை மேற்கொண்டு தாக்காமல் ‘இன்றுபோய் நாளை நின் தானையோடு வா’ என்று விட்டான், அதுபோல என்கிறார். ‘நின் தானையோடு’ என்பதைக் கவனியுங்கள். திரும்பி வா என்பதோடு நிற்கவில்லை, படையையும் கூட்டிக்கொண்டு வா என்கிறான்! கம்பர் இதே இடத்தில் ‘இன்று போய், போர்க்கு நாளை வா என நல்கினன்’ என்று பாடுகிறார். ‘சொன்னான்’ என்று போட்டிருக்கலாம், ‘நல்கினன்’ என்கிறார், கொடுத்தான் என்று. கொடுத்தது ஒரு நாள் அவகாசம். கொடுத்தவனையும் அந்த இடத்தில் வீரன் என்று சொல்லாமல் ‘கோசல நாடுடை வள்ளல்’ என்கிறார்.

அடுத்து ராவணன் ஊர் திரும்புகிற பாட்டும் எல்லோருக்கும் தெரியும். வீரத்தையும் களத்திலே போட்டுவிட்டு வெறுங்கையோடு போகிறான். அம்பு செய்யாததை அந்த ஒரு நாள் அவகாசம் செய்துவிட்டது. வள்ளுவர் ஏன் எஃகு என்றார் என்பது இங்கே விளங்கும்.

இனி உங்கள் களத்துக்கு வருகிறேன்.

1997 மே 21, சேப்பாக்கம். சுதந்திரக் கோப்பை, இந்தியா-பாகிஸ்தான். மே மாதச் சென்னை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சயீத் அன்வர் ஆரம்பத்திலிருந்தே விளாச, உடம்பில் நீர் வற்றித் தசைப்பிடிப்பில் தவித்தார். அவருக்காக ஓட ஷாகித் அஃப்ரிதி ‘ரன்னராக’ வந்தார். அன்றைய இந்திய அணித்தலைவர் சச்சின் தெண்டுல்கர் மறுக்கவில்லை. அன்வர் 146 பந்துகளில் 194 எடுத்தார். அன்றைக்கு உலக சாதனை. அதுவரை விவியன் ரிச்சர்ட்ஸின் 189தான் உச்சம். கடைசியில் சச்சின் பந்தில்தான், கங்குலி பிடித்த கேட்ச்சில்தான் ஆட்டமிழந்தார். பதிலுக்கு ராகுல் திராவிட் 107 எடுத்தும், இந்தியா 35 ரன்னில் தோற்றது. ரன்னர் கொடுத்தது தப்பு என்று திட்டியவர்கள் உண்டு. அவர்கள் கணக்கில் நியாயமும் உண்டு. ஆனால் தசைப்பிடிப்பில் துடிப்பவரைப் பார்த்து ‘முடிந்தால் ஓடு’ என்று சொல்லாததற்குப் பெயர் ஊராண்மை. சேப்பாக்கம் மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. 2011 அக்டோபரிலிருந்து உலக கிரிக்கெட்டை நிர்வகிக்கும் ஐ.சி.சி. ரன்னரையே எடுத்துவிட்டதால், அந்த வாய்ப்பு இன்றைய அணித்தலைவர்களுக்கு இல்லை.

1980 பிப்ரவரி, மும்பை வான்கடே. இந்திய கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட். இந்தியாவின் 242க்கு எதிராக இங்கிலாந்து 58க்கு 5 விக்கெட். இயன் போத்தமும் விக்கெட் கீப்பர் பாப் டெய்லரும் தட்டித் தடவி ஆடிக்கொண்டிருந்தபோது, கபில்தேவ் பந்தில் டெய்லர் பின்னால் கேட்ச் என்று நடுவர் கையைத் தூக்கிவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்பது டெய்லருக்குத் தெரியும். ஸ்லிப்பில் நின்ற அணித்தலைவர் குண்டப்பா விஸ்வநாத்துக்கும் தெரியும். விஸ்வநாத் நடுவரிடம் போய்ப் பேசி டெய்லரைத் திரும்ப ஆடவைத்தார். அந்த ஜோடி 171 ரன் சேர்த்தது. போத்தம் 114 ரன்னும் 13 விக்கெட்டும் எடுக்க, இங்கிலாந்து 10 விக்கெட்டில் ஜெயித்தது. தான் அவுட் என்று தெரிந்தால் நடுவர் கையைப் பார்க்காமல் நடையைக் கட்டுகிற ஆள் விஸ்வநாத். அவரிடம் வேறெதை எதிர்பார்ப்பது? இதைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாம் ‘ஆனால் இந்தியா தோற்றது’ என்று ஒரு வரி சேர்க்காமல் விடுவதில்லை. தோற்றாலும் ஜெயித்தாலும் ஊராண்மை ஊராண்மைதான். ராமன் மறுநாள் தோற்றிருந்தாலும் பரிமேலழகர் அதே உதாரணத்தைக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

2011 ஜூலை 31, நாட்டிங்ஹாம். இங்கிலாந்து-இந்தியா டெஸ்ட். தேநீர் இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பந்து. இயோன் மார்கன் அடித்தது எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது என்று நினைத்து, 137 ரன்னில் இருந்த இயன் பெல் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பெவிலியனைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். பந்து எல்லையைத் தொடவில்லை. பிரவீன் குமார் எறிந்தார், தோனியிடமிருந்து பந்து அபினவ் முகுந்திடம் போனது, அவர் பெயில்ஸைத் தட்டினார். (நம் சென்னைக்காரர், இப்போது உங்கள் தொழிலில்தான் இருக்கிறார். அந்த நிமிடம் எப்படி இருந்தது என்று ஒருநாள் மைக்கில் அவரிடமே கேளுங்கள்.) விதிப்படி ரன் அவுட், அதில் சந்தேகமே இல்லை. இடைவேளையில் இங்கிலாந்து அணித்தலைவர் ஸ்ட்ராஸும் பயிற்சியாளர் ஆண்டி ஃபிளவரும் இந்திய அறைக்கு வந்து பேசினார்கள். தோனி அணியோடு கலந்து முறையீட்டைத் திரும்பப் பெற்றார். இடைவேளை முடிந்து பெல் மறுபடி மட்டையோடு வந்ததைப் பார்த்ததும், அதுவரை கூச்சலிட்டுக்கொண்டிருந்த அரங்கம் கைதட்டியது. அவர் 159 வரை போனார். இந்தியா 319 ரன்னில் தோற்றது. 2020இல் ஐ.சி.சி. பத்தாண்டுகளின் சிறந்த ஆட்டப் பண்புக்கான விருதை இதற்காகத் தோனிக்குக் கொடுத்தபோது, தமிழ்ச் செய்தியில் அந்த விருதின் பெயரை என்ன எழுதுவது என்று ஆளுக்கொரு பக்கம் திணறியது. அந்த இடத்தில் ஊராண்மை என்று எழுதியிருந்தால் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும்.

இதற்கு நேர்மாறானது 2023 நவம்பர் 6, டெல்லி. உலகக் கோப்பையில் வங்கதேசத்துக்கு எதிராக ஆட வந்த இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் ஹெல்மெட் வாரை இறுக்குகிறார், வார் அறுந்துவிடுகிறது. வேறு ஹெல்மெட் கேட்கிறார். புதிதாக வருபவர் இரண்டு நிமிடத்துக்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராக வேண்டும் என்பது அந்தத் தொடரின் விதி. வங்கதேச அணித்தலைவர் ஷகிப் அல் ஹசன் முறையிடுகிறார். வாபஸ் வாங்குகிறாயா என்று நடுவர் கேட்டும் இல்லை என்கிறார். சர்வதேச கிரிக்கெட்டில் நேரம் கடந்ததற்காக ஆட்டமிழந்த முதல் ஆள் மேத்யூஸ். அன்று உங்களில் சிலர் ‘விதிதானே’ என்றீர்கள், சிலர் ‘அசிங்கம்’ என்றீர்கள். இரண்டு பேரும் பாதி சரி. விதியை மீறாமலே ஒருவர் ஊராண்மை தவறலாம். ஷகிப் ஏமாற்றவில்லை, பொய் சொல்லவில்லை. குறளில் வரும் ‘ஒன்றுற்றக்கால்’ என்ற அந்த நேரம் அவர் கண்ணெதிரே, அறுந்த வார் வடிவத்தில் வந்து நின்றது. அவர் அதைப் பயன்படுத்திக்கொண்டார். இதைச் சொல்லச் சொல் கையில் இல்லாததால்தான் அந்த விவாதம் விதி, விதி என்று நாலு நாள் சுற்றிச்சுற்றி வந்தது.

கிரிக்கெட்டுக்கு வெளியேயும் ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன். 2012 டிசம்பரில் ஸ்பெயினில் ஒரு நெடுந்தூர ஓட்டம். முன்னணியில் ஓடிய கென்யாவின் ஆபெல் முத்தாய், எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று தப்பாக நினைத்துச் சில மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்த ஸ்பெயின் வீரர் இவான் ஃபெர்னாண்டஸ் அனாயா அவரைத் தாண்டிப் போகாமல், சைகை காட்டி முன்னால் அனுப்பி இரண்டாவதாக வந்தார். இதைவிடச் சுத்தமான ஊராண்மை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் ஒரு பயமும் இருக்கிறது. சொல்லைக் கொடுத்தால் நீங்கள் அதை ஓவருக்கு ஒரு தடவை சொல்லித் தேய்த்துவிடுவீர்கள். அதனால் எங்கே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1999 ஜனவரி 31, மறுபடி சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிராக 271 என்ற இலக்கை விரட்டி, முதுகுவலியோடு சச்சின் 136 அடித்து, அவர் போனபின் நாலே ரன்னில் மிச்ச விக்கெட்டுகளும் போய் 12 ரன்னில் தோற்றோம். டெல்லி ஆடுகளத்தையே தோண்டிப்போட்ட அளவுக்கு எதிர்ப்பு இருந்த தொடர் அது. தோற்ற கணத்தில் அரங்கமே உறைந்து நின்றது. அப்புறம் எழுந்து கைதட்டியது. வாசிம் அக்ரம் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘நாலெட்ஜபிள் கிரவுட்’ என்பீர்கள். சென்னைக்காரனாக எனக்குக் குளிர்ந்துபோகும். ஆனாலும் அது ஊராண்மை ஆகாது. ஜெயித்தவருக்கு என்ன தாழ்வு வந்தது? அங்கே பெருந்தன்மை என்றே சொல்லுங்கள், அந்தச் சொல்லுக்கும் வேலை வேண்டாமா?

அதேபோல 2023 ஜனவரியில் குவாஹாட்டியில், 98இல் இருந்த இலங்கையின் தசுன் ஷனகாவை முகமது ஷமி பந்துவீசும் முனையில் ரன் அவுட் செய்ய, ரோகித் சர்மா முறையீட்டை வாபஸ் வாங்கினார். ஷனகா சதம் கண்டார். அழகான காரியம். ஆனால் ஷனகாவுக்கு எந்தத் துன்பமும் வரவில்லை, பந்து வீசும்முன் கோட்டைவிட்டு வெளியே நின்றார், அவ்வளவுதான். ரோகித் காட்டியது தாராளம். இதே வகை ரன் அவுட்டை அஷ்வின் செய்தபோதும், லார்ட்ஸில் தீப்தி சர்மா செய்தபோதும் ‘பண்பு இல்லை’ என்று எவ்வளவு வசவு! முன்கூட்டியே நகர்ந்து ஆதாயம் தேடுபவர் இக்கட்டில் இல்லை. அவரை அவுட் ஆக்கியவர் ஊராண்மை தவறவும் இல்லை. 2022இல் கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி.யே அந்த விதியை ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற பகுதியிலிருந்து எடுத்து ரன் அவுட் பகுதியில் சேர்த்துவிட்டது. நான் இதில் அஷ்வின் கட்சி என்பது உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

‘பார்ப்பவர்களுக்குப் புரியாதே’ என்பீர்கள். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் வானொலியில் தமிழில் கிரிக்கெட் சொன்ன காலத்தில், கேட்டவர்களுக்குப் படமே கிடையாது, குரல் மட்டும்தான். அவர்கள் சொல்லிச் சொல்லித்தான் காதுக்குப் பழகியது. உங்களுக்குத் திரையில் படம் இருக்கிறது, ரீப்ளே இருக்கிறது. விழுந்தவரையும் கைகொடுத்தவரையும் காட்டிக்கொண்டே ‘இதுதாங்க ஊராண்மை, எதிராளிக்கு ஒண்ணுன்னா கைகொடுக்கிறது, வள்ளுவர் வெச்ச பேரு’ என்று ஒரு தடவை சொன்னால் போதும். அடுத்த தடவை விளக்கம் வேண்டியிருக்காது. நிருபர்களுக்கு இன்னும் சுலபம், தலைப்பில் இடம் மிச்சம்: ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் என்று எழுதுகிற அகலத்தில் இதை இரண்டு தடவை எழுதலாம்.

திரையில் எழுத்துப் போடுபவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ‘ஊர் ஆண்மை’ என்று பிரித்துப் போட்டால் மறுநாள் முழுக்க மீம்தான் ஓடும். சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சேப்பாக்கத்தில் வெயிலில் காய்ந்த ஒரு ரசிகன்